காலி ஆணி

மாலா டீச்சருக்கு அன்றைக்குப் பத்துப் பிள்ளைகள் வேண்டும். அவளிடம் இருந்ததோ ஆறு. பத்துக்குக் குறைந்தால் பழைய தங்கச் சுரங்கப் பகுதியான மைசூர் மைன்ஸில் இருக்கும் அந்த ஓராசிரியர் தமிழ்ப் பள்ளிக்குப் பூட்டு என்று சொல்லிவிட்டார்கள். தலையை எண்ணக் கோலாரிலிருந்து ஆபீசரே வருகிறார்.

மூடினால் என்ன, வேறு பள்ளியா இல்லை என்று கேட்பவர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்ப் பார்த்ததில்லை. அந்த ஆறு பிள்ளைகளின் பெற்றோரும் அந்த ரயிலில் போகிறவர்கள். சாயந்திரம் எப்படியோ அக்கம்பக்கத்தில் பார்த்துக்கொள்வார்கள், விடியலில்தான் ஆளில்லை. இருட்டோடு கொண்டுவந்து விடும் பிள்ளையை வாங்கி, பாய் போட்டுத் தூங்க வைத்து, எழுப்பிப் பல் துலக்க வைத்துப் பாடம் நடத்துகிற பைத்தியக்காரி அந்த வட்டாரத்தில் மாலா ஒருத்திதான். மற்றப் பள்ளிகள் பத்து மணிக்குத்தான் கண் விழிக்கும்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? அடுத்த தெருக் கன்னடப் பள்ளியில் வேலை பார்க்கும் சிநேகிதி பவ்யாவிடம் நாலு பிள்ளைகளைக் கடன் கேட்டாள்.

"சாயந்திரத்துக்குள்ள திருப்பிக் குடுத்துடுங்கக்கா, எங்க எச்.எம். கேட்டா நான் செத்தேன்" என்று, இட்லிப் பானையைக் கொடுப்பதுபோல் கொடுத்தாள் பவ்யா.

ஆபீசர் நாகேஷ் மத்தியானத்துக்கு மேல் வந்தார். எண்ணினார். பத்து. கடன் வந்த சரத்தை எழுப்பி, "ஒரு தமிழ்ப் பாட்டு பாடுப்பா" என்றார். மாலா முந்திக்கொண்டாள்.

"அவனுக்குத் தொண்டை சரியில்ல சார்."

சரத் நன்றியுள்ள பிள்ளை. உடனே இருமினான். இருமிக்கொண்டே இருந்தான். ஆபீசர் பயந்துபோய்த் தன் தண்ணீர் பாட்டிலையே கொடுத்துவிட்டார். மற்றப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கின. ஆபீசருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பத்து பேர் இருக்காங்கல்ல, ஸ்கூல் நடக்கட்டும் மேடம்" என்று பேனாவைத் திறந்தார். அப்போது பள்ளி விடும் மணி அடித்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை. பூசாரி, மூன்றாம் வகுப்பு வெண்ணிலா. மாலாவின் அப்பா சுரங்கத்தில் வேலை செய்த காலத்தில், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்குமுன் ஆணிகள் அடித்த பலகையிலிருந்து தன் டோக்கனை எடுத்துக்கொள்வார். மேலே வந்ததும் திரும்ப மாட்டுவார். ஆணி காலியென்றால் ஆள் இன்னும் உள்ளே என்று அர்த்தம். அதையே மாலா பள்ளியில் விளையாட்டாக்கியிருந்தாள். பிள்ளைகளுக்குச் சோடா மூடி டோக்கன், அவளுக்கு அப்பாவின் பித்தளை டோக்கன். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் ஒருத்தரும் வாசலைத் தாண்டக் கூடாது. வாசல் காவல் வெண்ணிலாவுடையது.

"டோக்கன்?" என்று சரத்தின் முன் கையை நீட்டினாள். அவன் திருதிருவென்று முழித்தான்.

மாலா கண்ணைக் காட்டினாள். வெண்ணிலாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னா மிஸ்? பேரு கேக்காதன்னு சொன்னீங்க, கேக்கல. டோக்கன் கேக்காதன்னு சொல்லலியே! இவங்க நாலு பேருக்கும் ஆணியே இல்ல."

ஆபீசர் பலகையைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது மேடம். ஆனா பொய் எழுத முடியாது" என்றார். கெட்ட மனிதராக இருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

ஜீப் போய்விட்டது. சமையல்கார பாக்கியவதி கடன் பிள்ளைகளைத் திருப்பிக் கொடுக்கக் கூட்டிப்போனாள். மாலா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெண்ணிலாவைக் கோபிக்கவும் வழியில்லை. சொல்லிக் கொடுத்தவளே அவள்தானே.

நிமிர்ந்தபோது ஆறு பிள்ளைகளும் வாசலிலேயே நின்றன.

"வீட்டுக்குப் போங்கம்மா."

"எப்டி மிஸ் போறது?" என்றாள் வெண்ணிலா. "உங்க ஆணி காலியாக் கீது. நீங்க இன்னும் மேல வரல."

மாலா எழுந்து கழுத்திலிருந்த பித்தளை டோக்கனைக் கழற்றித் தன் ஆணியில் மாட்டினாள்.

"எல்லாரும் மேல வந்தாச்சு!" என்று தினம் போலவே கத்தினாள் வெண்ணிலா. பிள்ளைகள் ஓடின. அவள் மட்டும் பாதி வழியில் நின்று திரும்பினாள்.

"மிஸ், நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமாத் தொறங்க. லேட்டாப் போனா அப்பாவுக்கு ட்ரெயின்ல ஒக்கார சீட்டு கெடைக்க மாட்டேங்குதாம்."

"தொறக்கறேன்" என்றாள் மாலா. எத்தனை நாளைக்கு என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை.