லாரி மேல் முறை

விடிவதற்குள் ராயபுரம் கிடங்கின் முன் பருப்பு லாரி வந்து நின்றுவிட்டது. ஐம்பது கிலோ மூட்டை. முதுகில் ஏற்றிக் குனிந்தபடி கிடங்கு வாசலில் சாய்த்த பலகையில் ஏறினால் சாக்குத் தூசி மூக்கை அடைக்கும். வியர்வைபட்ட கழுத்தைச் சணல் அறுக்கும்.

முன்பு எட்டுப் பேர் இருந்தோம். இருவர் லாரி மேல் நின்று மூட்டையைத் தள்ளிக் கொடுப்பார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டவனுக்கு ஒரு வாரம் லாரி மேல்; அது எங்களுக்குள் இருந்த முறை. ஐப்பசியில் முதலாளி தவசிமுத்து இருவரை நிறுத்தினார். மிச்சம் ஆறு பேர். அவரவர் மூட்டையை அவரவரே இழுத்துச் சுமக்க வேண்டும்.

ஆறு பேரில் வல்லரசுவுக்கு இடுப்பு வலி வரும், பத்து நாள் வாட்டும், போகும், திரும்ப வரும். இம்முறை இடது காலும் மரத்துவிட்டது.

“கிருஷ்ணப்பா, காலு கீதா இல்லியான்னே தெர்ல. யார்கிட்டயும் சொல்லாத” என்று என்னிடம் சிரித்தான்.

சொல்லவில்லை. இரண்டு மாதம்.

அன்று சிந்திய பருப்பைக் கூட்டிக்கொண்டிருந்த சொக்கம்மாள் கத்தினாள். “டேய், யாரு காலுடா இது? பலகையெல்லாம் ரத்தம்!”

ஆறு பேரும் பாதத்தைத் தூக்கிப் பார்த்தோம். வல்லரசு வலது பாதத்தைப் பார்த்துக் கீழே வைத்தான். பிறகு மெதுவாக இடதை. செருப்பைத் துளைத்து ஆணி உள்ளே ஏறியிருந்தது. யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தான்.

தவசிமுத்து வந்தார். “ஏல, ஆணி ஏறுனதுகூடவா தெரியல?”

“தெர்ல அண்ணாச்சி.”

“அப்போ நாளைக்குப் பலகையில இருந்து விழுவ. பழி எனக்கு. இனிமே வேலைக்கு வராத.”

“ஒரு மாசம் மேல நின்னு தள்ளிக் குடுக்கறேன் அண்ணாச்சி.”

“மேல நிக்கதுக்குன்னு இனி தனியா ஆள் கிடையாது.”

வல்லரசு ஆணியைத் தானே பிடுங்கினான். முகம் கொஞ்சமும் சுளிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“எனுக்கும் கீது” என்றேன். “வலது காலு. ஒரு வருசமா.”

சுப்பராயன் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினான். “நான் ரெண்டு மாத்திர போட்டுகினுதான் பலகை ஏறுறேன்” என்றான்.

“குனிய முடியாம நாற்காலில ஒக்காந்து தொழுதுகினு கீறேன்” என்றான் தவ்ஃபீக். “முப்பத்தாறு வயசுல இன்னாடா இதுன்னு பள்ளிவாசல்ல கேக்குறாங்க.”

மற்ற இருவரும் தங்கள் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்கள்.

“ஏண்டா ஒருத்தன்கிட்ட ஒருத்தன் சொல்லிக்கல?” என்றாள் சொக்கம்மாள். சொன்னவன் வேலை போகும் என்று ஒவ்வொருவனும் தனித்தனியே பயந்திருந்தோம்.

“எல்லாரும் நோயாளின்னா கிடங்கை மூடவா?” என்றார் தவசிமுத்து.

“மூட வேணாம். மேல ரெண்டு பேரப் போடு. வல்லரசும் அதுல ஒருத்தனா இருப்பான்” என்றான் தவ்ஃபீக்.

“ஆளுக்கா பஞ்சம்? எர்ணாவூர்ல இருந்து ஒரு வேன் வரும்.”

“வரட்டும். அவுங்களுக்கும் முதுவு கீதில்ல.”

அவர் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தோம். சொக்கம்மாள் வல்லரசுவின் காலில் துணி கட்டினாள்.

“போய் எறக்குங்கடா. என்னால நீங்க பொழப்பக் கெடுத்துக்காதீங்க” என்றான்.

ஒருவரும் எழவில்லை.

வெயில் ஏறியபின் தெருமுனையில் வேன் திரும்பியது. வருகிறவர்களிடம் பேச வேண்டும். கேட்பார்களோ, மாட்டார்களோ. இடுப்பில் கைவைத்து ஒவ்வொருவராக எழுந்தோம். வல்லரசு என் தோளைப் பிடித்துக்கொண்டான். இடது காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் கேட்டான்:

“தரைல பட்டுச்சா?”

“பட்டுச்சு மாமு” என்றேன். “அடுத்தது வை.”