சளிதானே

கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குகிறது, ஏறும்போது வடிவும் மூச்சை இழுக்கிறாள், இறங்கும்போது விடுகிறாள், தான் இழுத்துவிட்டால்தான் உள்ளே கிடக்கும் மகளுக்கும் மூச்சு வரும் என்பது போல, இரண்டு மாதம் முந்திப் பிறந்துவிட்ட மகள், பெயர்கூட இன்னும் வைக்கவில்லை, அப்படி இழுத்த ஒரு மூச்சில்தான் தொண்டையின் அடியில் ஏதோ உரசியது, நெல் உமி ஒட்டிக்கொண்டது போல. முகமூடிக்குள் எச்சிலை விழுங்கினாள், உமி போகவில்லை, மறுபடி விழுங்கினாள், மூக்கின் நடுத்தண்டு சுரீரென்றது, பெட்டியின் வட்டத் துவாரத்துக்குள் நீட்டியிருந்த கையை, கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டவள் போல் வெளியே இழுத்துக்கொண்டாள். வீடு வந்து சேர்வதற்குள் டவுன் பஸ்ஸிலேயே மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது, வெளியே ஐப்பசி மழை, பாளையங்கோட்டை முழுக்கச் சேறு, அவளோ நனைந்ததை எண்ணவில்லை, எத்தனை மூச்சை அந்த அறைக்குள் விட்டோம் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை குழந்தைகள் வார்டின் வாசலில் ஜெசிந்தா சிஸ்டர் எப்போதும்போல் கேட்டாள், சளி, காய்ச்சல் ஏதும் உண்டா மக்களே? உள்ளே போகிற எல்லாத் தாய்மாரிடமும் கேட்கிற கேள்விதான், தினமும் இல்லை சிஸ்டர் என்று சொல்லிப் பழகிய நாக்கு, இன்றும் அதைச் சொல்லத் தயாராக நுனிக்கு வந்துவிட்டது, சொன்னால் போதும், முகமூடிக்குப் பின்னால் யாருக்குத் தெரியப்போகிறது, பிள்ளையை மார்போடு ஒட்டவைத்து ஒரு மணி நேரம் உட்காரலாம், அந்தச் சூடு இவளுக்கும் வேண்டியிருந்தது. உண்டு சிஸ்டர் என்றாள், நேத்தே தொண்டை உறுத்துச்சு, அதோட பிள்ளையத் தொட்டுட்டேன்.  சொன்னது நல்லது, பிள்ளையை நாங்க கவனிச்சுக்கிடுவோம், பாலை மட்டும் எடுத்துக் குடுத்து விடுங்க, பாலுக்கு ஒரு குறையும் இல்ல, சளி சுத்தமா விட்ட பெறவு வாங்க என்றாள் ஜெசிந்தா, கதவு தானாகவே மூடிக்கொண்டது.

வீட்டில் அப்பா மட்டும்தான். கணவன் சிதம்பரவேல் மஸ்கட்டில், லீவு கிடைக்கவில்லை, அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம், பஸ் டிப்போவில் டயர் மாட்டி ஓய்வு பெற்ற குற்றாலிங்கம்தான் மகளுக்குப் பத்தியச் சோறு வடிப்பதும் துணி அலசுவதும். விஷயத்தைச் சொன்னதும் குடையை எடுத்துக்கொண்டு போனவர், மத்தியானம்தான் திரும்பினார், கையில் ஒரு கட்டு நொச்சி. அடுப்பில் தண்ணீர் தளதளக்கத் தொடங்கியது, இலையைப் போட்டதும் அந்த வாடை, பச்சையும் கசப்பும் கலந்த வாடை, கூடத்தைத் தாண்டி அறைக்குள் நுழைகிறது, மறுபடி வடிவுக்கு எட்டு வயது, பாயில் தங்கச்சி ஆவுடை கிடக்கிறாள், நெஞ்சில் கற்பூரம் காய்ச்சிய எண்ணெய் பளபளக்கிறது, கற்பூரவல்லிச் சாறும் தேனும் புகட்டிய உதட்டோரம் பச்சைக் கோடு, விலாவெலும்புக்கு இடையில் சதை உள்ளே உள்ளே இழுக்கிறது, இந்தப் பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க என்று அம்மா சொல்கிறாள், சளிதானே, மழை வெறிக்கட்டும், போவோம் என்கிறார் அப்பா, மழை கூரையில் கொட்டுகிறது, அது ஓயவே இல்லை, ஓய்ந்து வெறித்தபோது தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசரம் இல்லாமல் போயிருந்தது. அதன்பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொன்னதில்லை, சாகும்வரை அம்மாகூட. இப்போது அப்பா பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நிற்கிறார், எழும்பு, ஆவி பிடி என்கிறார், அவளுக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததென்று தெரியவில்லை, எடுத்துட்டுப் போங்கப்பா, எனக்கு இந்த வாடையே ஆகாது, உங்களுக்குத் தெரியாதா, எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?

தெரியும் என்றார். பாத்திரத்தின் விளிம்பில் வெந்நீர் தளும்பிக் கட்டைவிரலில் பட்டும் அவர் கீழே வைக்கவில்லை. டாக்டரம்மாட்ட கேட்டுட்டுத்தாம்மா வாரேன், காலைல இருந்து ஆஸ்பத்திரிலதான் நின்னேன், அவிய ஓய்ஞ்சு வர மத்தியானம் ஆயிட்டு, பால் குடுக்கிற பிள்ள ஆவி பிடிக்கலாமா, மிளகு ரசம் குடிக்கலாமா, எல்லாம் கேட்டேன், கண்ட மாத்திரையும் போட வேண்டாம், ஆவி பிடிக்கட்டும், சூடா குடிக்கட்டும், தூங்கட்டும், காய்ச்சல் அடிச்சாலோ மூச்சு வாங்கினாலோ உடனே கூட்டிட்டு வந்துரணும்னு சொன்னாவ. அவர் சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார், ஒரு ஜலதோஷத்துக்காகக் காலை முழுவதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற மனிதர், நனைந்த வேட்டி இன்னும் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வடிவு போர்வையைத் தலையோடு போட்டுக்கொண்டாள், வெதுவெதுவென்று இருட்டு, ஆவி முகத்தில் அறைந்தது, மூக்கிலிருந்து வடிந்தது எது, கண்ணிலிருந்து வடிந்தது எது என்று பிரிக்க முடியவில்லை, போர்வைக்கு வெளியே அப்பாவின் குரல், பையப் பைய, கிட்ட குனியாத, சுட்டுரும்.

பிறகு நாட்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோகின்றன, உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளிக்கிறாள், சுக்கும் மிளகும் தட்டிப்போட்ட ரசம் நெஞ்சில் சூடாக இறங்குகிறது, இஞ்சித் தண்ணீர், பாலில் மஞ்சள், தூக்கம், எழுந்து பால் எடுத்தல், அப்பா அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார். போனில் சிதம்பரவேல், சாதாரணச் சளிதானேடா, என்னத்துக்கு இப்படிப் பயப்படுத என்றான், அவள் போனை வைத்துவிட்டாள். ஒரு நாள் அப்பா வர வேண்டிய நேரத்தில் வரவில்லை, அவர் போனுக்கு எத்தனை முறை அடித்தும் லைன் போகவில்லை, வடிவு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறாள், நான் விட்ட மூச்சு, அன்றைக்கு நான் விட்ட மூச்சு, பெட்டிக்குள் ஒரு நெஞ்சு இழுக்கிறது, பாயில் ஒரு நெஞ்சு இழுக்கிறது, எது யாருடையது என்று தெரியவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியேவிட்டாள், அப்போது தெருமுக்கில் அப்பா வருகிறார், வேகமாக நடக்கத் தெரியாதவர் ஓட்டமும் நடையுமாக. பஸ் பிந்திட்டு, போனும் தண்ணில நனைஞ்சு செத்துட்டும்மா என்றார் தூரத்திலிருந்தே, பிள்ள நல்லா இருக்கா, ட்யூப்ல குடுத்த பாலைக் கக்காம வச்சிருக்கா, சிஸ்டர் சொன்னாவ. வடிவு தெருவில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள், அவர் அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூக்கு காய்ந்தது, தொண்டை தெளிந்தது, அதன்பிறகும் அவளாகவே இரண்டு நாள் கூடுதலாக இருந்துவிட்டுத்தான் போனாள், டாக்டரம்மா தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, போ என்றார். ஜெசிந்தா குழந்தையை எடுத்து அவள் நெஞ்சோடு சேர்த்து வைத்துத் துணியைச் சுற்றினாள், ஒரு கோழிக்குஞ்சின் கனம், சூடு, இரண்டு நெஞ்சும் ஒட்டிக்கொண்டு ஏறி இறங்குகின்றன, அப்போது பிள்ளை தும்மியது, பூனைத் தும்மல், உடம்பே ஒருமுறை குலுங்கியது. வடிவு கத்தினாள், சிஸ்டர்! ஜெசிந்தா வந்தாள், உற்றுப் பார்த்தாள், டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள், அவர் காதுக்குழாயை மாட்டி முதுகிலும் நெஞ்சிலும் நெடுநேரம் கேட்டார், பிள்ளைங்க தும்மத்தாம்மா செய்யும், மூக்கைச் சுத்தம் பண்ணிக்கிடுது, நெஞ்சு தெளிவா இருக்கு என்றார்.

வெளியே வந்தபோது வராந்தா பெஞ்சிலிருந்து அப்பா எழுந்தார். தும்மினாப்பா என்றாள். டாக்டரம்மா எங்கன, நான் போய்க் கேட்டுட்டு வாரேன் என்று அவர் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டார். கேட்டுட்டேன்பா, நல்லா பாத்துட்டாங்க, ஒண்ணுமில்ல, உக்காருங்க. அவர் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள், வராந்தாவுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. பிறகு அவள் கேட்டாள், ஆவுடை பிறந்தப்போ எப்படிப்பா இருப்பா? அப்பா சட்டென்று திரும்பினார், அந்தப் பெயரை யார் சொன்னது என்று தேடுவது போல. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். தலை நிறைய முடிம்மா என்றார், உன்னவிட நிறைய முடி, கருகருன்னு, உங்க அம்மாவே பயந்துட்டா. பேச்சு அங்கேயே நின்றுவிடும் என்று அவள் நினைத்தாள், நிற்கவில்லை, அவர் சொல்லிக்கொண்டே போனார்.