மஞ்சளை வாசித்தவர்

தெருமுனை நாற்சந்தியை, அதன் இரைச்சலோடு, வெறும் பட்டைகளும் புள்ளிகளுமாகத் தீட்டி முடித்திருந்தாள் தங்கை. அதில் தாளம் கேட்கிறதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அக்காவின் கணவர் டிரம்ஸ் வாசிப்பவர். அவர் சாப்பிட வந்தபோது, என்ன படம் என்று சொல்லாமல் அதை எதிரே சாய்த்து வைத்தாள்.

"எறும்பு மைக்குள்ள விழுந்து எழுந்து ஓடின மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

"நீ கொஞ்சம் சும்மா இரு, அக்கா. மாமா பாக்கட்டும்."

அவர் இடது ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். கறுப்புப் பட்டைகளுக்கு விரல்கள் மேசையைத் தட்டின. மஞ்சள் புள்ளிகள் வந்ததும் கரண்டி தட்டின் விளிம்புக்குத் தாவியது. நடுவிலிருந்த அகலச் சிவப்பில் கை அப்படியே நின்றது.

"என்ன, மறந்துபோச்சா?" என்றாள் அக்கா.

"சிக்னல் விழுந்திருக்கு. பின்னால பாரு, ஒருத்தனுக்கும் பொறுமை இல்ல. ஹாரனா அடிக்கிறான்."

சிவப்பு முடிந்ததும் இரண்டு கைகளாலும் அடித்து நொறுக்கினார். தம்ளர்கள் குதித்தன.

அக்கா எழுந்து படத்தருகே போனாள்.

"இந்த மஞ்சளை இன்னொரு தரம் வாசிங்க."

தங்கை தூரிகையைத் தோய்த்து, படத்தின் மூலையில் தன் பெயரைப் பெரிதாக எழுதினாள்.