தாமரை விரியும் நேரம்

எங்கள் கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் ஒரு தாமரை விரிய நான்கு மணி நேரம் ஆகும். இதழ் இதழாக விரிந்து, நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்க வேண்டும். அந்தக் காட்சியைக் கம்ப்யூட்டர் வரைந்து முடிக்கும் ரெண்டரிங் வேலை ஓயும்வரை, எங்கள் அரதப்பழைய கிராபிக்ஸ் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. அதுவரை, என்னோடு வேலை பார்க்கும் வெங்கடேஷ்பாபுவுக்கும் எனக்கும் வாய்க்கு மட்டும்தான் வேலை. இது 2004-இல்.

"அடுத்த வருஷம் ஒரே சிப்புல ரெண்டு புராசசர் வருதாம், டயானா" என்பான்.

"ரெண்டா? சூடு எம்புட்டு ஏறும்! நம்மூரு வெயில்ல உருகிரும்டா."

"அதுக்குத் தண்ணி ஓடுற குழா வைப்பான்."

"வைகையிலயே தண்ணியக் காணோம். போடா!"

ஒரு வருடம் இப்படியே சண்டை போட்டோம். கேட்டுக்கொண்டே இருந்த முதலாளி துளசிராம் அண்ணன், சொல்லாமல் கொள்ளாமல் அந்த மெஷினையே சென்னையிலிருந்து வரவழைத்துவிட்டார். சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து ஆன் செய்தோம்.

"டீ குடிச்சிட்டு வாரேன்" என்று பாபு கிளம்பினான். அவன் திரும்பி வருவதற்குள் தாமரை விரிந்து முடிந்திருந்தது.

உடனே அண்ணன் சமயநல்லூர்க் கல்யாணம், சோழவந்தான் காதுகுத்து என்று ஆறு கேசட்டுகளை மேஜையில் அடுக்கினார். "சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருங்க."

அன்றோடு எங்கள் பேச்சு நின்றது. டீயும் மேஜைக்கே வந்தது.

ஒரு மாதம் கழித்து, மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் பாபு ஆரம்பித்தான். "டயானா, அடுத்து ஒரே சிப்புல நாலு வருதாம்."

நான் அண்ணனின் அறைக் கதவைப் பார்த்தேன்.

"மெதுவாப் பேசுடா, பாவி. அவரு காதுல விழுந்துரப் போகுது!"