ஓசிச் சர்க்கரை

இப்போதெல்லாம் மனுஷனுக்கு மூக்கு ஒழுகினால் பல் விளக்குகிற பிரஷ்ஷுக்கு மரண தண்டனை. ஒயர்மேன் பெரியவருக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். வீட்டில் நாலு பேருக்கும் சளிக் காய்ச்சல் வந்து போனதும், மருமகள் நாலு பிரஷ்ஷையும் குப்பையில் வீசிவிட்டாள். அவருடையதற்கு வயசு மூன்று. முள்ளெல்லாம் நாலா பக்கமும் படுத்துக் கிடக்கும். குப்பையைக் கிளறி எடுத்து, கழுவி, சட்டைப் பையில் டெஸ்டருக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார்.

"மாமா, காய்ச்சக் கிருமியெல்லாம் அதுலதான் உக்காந்திருக்கும்."

"உக்காரட்டும். என் கிருமிதானே, ஊரான் கிருமியா?"

காய்ச்சல் விட்டும் இருமல் விடவில்லை. மூக்கு அடைத்து, வாயாலேயே மூச்சு விட்டதில் நாக்கு அட்டை மாதிரி காய்ந்துவிட்டது.

"தண்ணி நிறையக் குடிங்க. இருமல் மிட்டாய் வேணும்னா சுகர் ஃப்ரீன்னு கேட்டு வாங்குங்க" என்றாள் மருமகள்.

பெரியவர் பள்ளிக்கூடப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. ஆனால் ஃப்ரீ என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். ஒரு பல்புக்கு ஒரு பல்பு ஃப்ரீ என்று வாங்கி, இரண்டும் ஒரே வாரத்தில் கண்ணை மூடியது அவர் வீட்டில்தான். சர்க்கரையை ஓசியில் தருகிறவன் மருந்தில் கை வைக்காமலா இருப்பான்?

"ஃப்ரீ சமாசாரமெல்லாம் வேணாம்பா. காசுக்கு விக்கிறதைக் குடு" என்றார் மருந்துக்கடையில்.

இருமல் போயிற்று, மிட்டாய் போகவில்லை. குளிர்காலம் முழுக்க ஏணியில் ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று, படுக்கும்போது ஒன்று. பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று மேலுதட்டுக்கும் முன்பல்லுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்வார்.

அந்த முன்பல்தான் அவருடைய தொழில். ஒயர் உரிக்க மற்றவர்கள் கத்தி வைத்திருந்தார்கள். அவர் பல் வைத்திருந்தார். ஒரு கடி, ஒரு இழு, செம்பு பளபளவென்று வெளியே வந்துவிடும். ஒருநாள் ஏணி மேல் நின்று அப்படிக் கடித்தார். மெயினை அணைத்திருந்தும் ஷாக் அடித்தது. பல்லில்.

மருமகள் பல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"பல்லைச் சர்க்கரையில ஊறப் போட்டிருக்கீங்க, பெரியவரே. அடைச்சுத் தரேன். ஆனா இனிமே ஒயர் கடிச்சீங்க, பல்லு ஒயரோட வந்துடும்."

"ஃப்ரீ சர்க்கரையே வேணாம்னு காசு குடுத்துல்லம்மா வாங்கினேன்!"

மருமகளுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "ஐயோ மாமா! சுகர் ஃப்ரீன்னா சர்க்கரையே இல்லாததுன்னு அர்த்தம்."

"அப்போ பல்பு ஃப்ரீன்னா பல்பே இல்லைன்னு அர்த்தமா?"

"அதை அப்புறம் பேசலாம், வாயைத் திறங்க" என்றார் டாக்டரம்மா. பெரியவர் திறந்தார், பல்லை அடைப்பதற்காக.

எல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா ஒரு புது பிரஷ்ஷை நீட்டினார். "பையில நீட்டிக்கிட்டிருக்கிற அந்தப் பழசைத் தூக்கிப் போடுங்க. இது ஃப்ரீ."

பெரியவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு மேசையிலேயே வைத்தார்.

நேரே ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒயர் உரிக்கிற கத்தி ஒன்று வாங்கினார். கூடவே ஒரு ரோல் டேப் ஃப்ரீ என்றான் கடைக்காரன்.

"நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, பையில் டெஸ்டரும் பழைய பிரஷ்ஷும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.