பாம்புக்குறிக் கோப்பு

“இன்னொருக்கா என்னாலை சொல்ல ஏலாது, பிள்ளை.”

“சொல்ல வேண்டாம், ஐயா. கொஞ்சம் பொறுங்கோ.”

“அதுக்குள்ளை ஒண்டும் இல்லையெண்டு நீர்தானே இப்ப சொன்னனீர்?”

சொன்னது நான்தான். தியாகலிங்கம் ஐயா காலை எட்டரை தொடக்கம் இரண்டு மணி நேரம் என் மேசைக்கு முன்னால் இருந்து சொல்லியிருந்தார். நடுக்கடலில், படகில், தன் கண்ணெதிரே மூத்த மகனுக்கு நடந்ததை. மனைவிக்குக்கூட அவர் சொன்னதில்லை. சுவிஸில் இளைய மகனின் அகதி வழக்கு. தகப்பனின் வாக்குமூலம் அடுத்த கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன். முடிகிற இடத்தில் ஜெனரேற்றர் இருமி நின்றது. திரை கறுத்தது.

சங்கச் செயலாளர் அரியநாயகம் அண்ணை மண்ணெண்ணெய் ஊற்றி அதை மீண்டும் இயக்கினார். நான் கடிதத்தைத் திறந்தபோது மேலே நயினாதீவுச் சங்கத்தின் பெயரும் முகவரியும், கீழே கையெழுத்துக்கு ஒரு கோடும் இருந்தன. நடுவில் வெறுமை. அது மாதிரிக் கடிதம். எவர் வந்தாலும் கொம்பியூட்டர் அதன் பிரதி ஒன்றைத்தான் எழுதத் தரும், மூலத்தைத் தொடவிடாது. நூறு பேரின் துயரம் அதிலிருந்து பிறந்திருந்தும் அதில் ஒரு கறை இல்லை. நான் சேமிக்க மறந்த பிரதிதான் போய்விட்டது.

நினைவிலிருந்து எழுதலாம். ஆனால் கண்டபடி நாவல் வாசிக்கிறவள் நான். எழுதினால் அது என் கதையாகிவிடும். அவர் சத்தியம் செய்து ஒப்பமிட வேண்டியது அவருடைய சொல்லுக்கு.

“ரெண்டு மணி லோஞ்சிலை நான் வெளிக்கிட வேணும், மனோகரி,” என்றார் அண்ணை. மோட்டார்ப் படகில் கரைக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குக் கடிதங்கள் கொண்டுபோகிறவர் அவர். “முதல் அந்தக் குப்பையளை அழிச்சு இடம் எடும். பிறகு புதுசாத் தொடங்குவம்.”

குப்பை என்று அவர் சொன்னது, பட்டியலில் எங்கள் கோப்புகளுக்கு நடுவே முளைத்திருந்த, நாங்கள் வைக்காத பெயர்களை. எண்ணும் எழுத்தும் கலந்த பெயர்கள். ஒவ்வொன்றின் முன்னும் நெளிந்த ஒரு சின்னக் கோடு.

“அதுகளை நான் அழிக்கிறேல்லை, அண்ணை.”

“ஏன்?”

“பாம்பு மாதிரிக் கிடக்கு.”

அவர் வாயைப் பிளந்தார். “ஐஞ்சு மாசமா? ஒவ்வொரு வெள்ளியும் அழிக்கச் சொல்லியெல்லோ சொன்னனான்!”

“வெள்ளிக்கிழமை அம்மன்ரை நாள் எண்டபடியால்தான் இன்னும் ஏலாமப் போச்சு.”

“நாகபூஷணி அம்மனே! கொம்பியூட்டருக்கும் பால் வைக்கிற பெட்டையை எல்லோ வேலைக்கு எடுத்துப்போட்டன்!”

தியாகலிங்கம் ஐயாகூடச் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பெயர்களில் கடைசியின் பக்கத்தில் இருந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து இருபத்தொன்பது. ஜெனரேற்றர் நின்றதற்கு ஒரு நிமிடம் முந்தி.

திறந்தேன். முதலில் புரியாத குறிகள். பிறகு படகின் பெயர். ஏறியவர்களின் தொகை. காற்று மாறிய நேரம். மகன் போட்டிருந்த நீலச் சட்டை.

நான் பனியைக் கண்டதில்லை. உறைந்த ஆற்றின் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்கும் என்று மொழிபெயர்ப்புக் கதைகளில்தான் வாசித்திருக்கிறேன். அது இதுதான் என்று பட்டது. நான் தட்டிக்கொண்டிருக்க, எவரும் சொல்லாமல், கொம்பியூட்டர் தனக்கென்று ஒரு பிரதி எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. ஒழுங்காக மூடினால் அதைத் தானே அழித்துவிடுமாம், கைநூலில் இருந்தது. இன்று எல்லாம் ஒழுங்காக முடிந்திருந்தால் இந்தப் பிரதி இருந்திராது.

“என்ரை பிள்ளை இருக்கிறானோ அதுக்குள்ளை?” என்றார் ஐயா மெதுவாக.

“ஓம், ஐயா.”

அவர் கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்ட வந்தார். ஆங்கிலம் தெரியாதவர். மகனின் பெயர் எங்கே என்று கேட்டார், காட்டினேன். கண்ணாடியில் விரல் பட்டும் படாமலும் அதைத் தொட்டார். அரியநாயகம் அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதை அப்போதுதான் கண்டேன்.

நான் கீழே இறங்கி வாசித்தேன். மகன் தகப்பனைத் திரும்பிப் பார்க்கிறான். அதோடு நின்றது. அவன் சொன்னதை இவர் சொன்ன கணத்தில்தான் ஜெனரேற்றர் இருமியது. அந்தச் சொல் என் காதில் விழவேயில்லை.

“ஐயா, எல்லாம் வந்திட்டுது. ஒரு வசனம்தான் இல்லை. உங்கடை மகன் திரும்பிப் பாத்து என்ன சொன்னவர்? அதை மட்டும் ஒருக்கா சொல்லுவியளோ?”