கள்ளிக்குப்பத்தின் பச்சைக் கண்கள்

கள்ளிக்குப்பத்துக் கொசுக்களின் கண்கள் பச்சையாக எரியத் தொடங்கியது ஒரு மார்கழியில். அதே வாரம்தான் தெருவுக்குப் புதிய குடிநீர்க் குழாயும் வந்தது. குழாயைப் பற்றித்தான் ஜனங்கள் அதிகம் பேசினார்கள். கொசுவுக்குப் பிறகு கரப்பான்பூச்சி, அதன்பின் எறும்பு. சர்க்கரை டப்பாவிலிருந்து ஜன்னல் வரை சீரியல் லைட் போட்டதுபோல எறும்புகள் மின்னிக்கொண்டே போயின.

காரணம் தெரிந்தவள் இரண்டாம் மாடி லாவண்யா. முனைவர் பட்டத்துக்காக ஏழு வருடமாக ஆய்வுக்கூடத்தில் பழ ஈ வளர்த்தாள். அந்த ஈக்களுக்குள் ஒரு தாவும் மரபணு இருந்தது. அது உருப்படியாக எந்த வேலையும் செய்யாது. தன்னையே நகலெடுத்து அடுத்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதைக் கேட்டதும் கணவன் விஷால் தன் மேனேஜர் பெயரைச் சொன்னான். போகுமிடம் தெரியட்டும் என்று லாவண்யா அதனோடு கண்ணில் எரியும் பச்சை ஒளியைச் சேர்த்திருந்தாள். ஒரு பூச்சி இனத்திலிருந்து இன்னொன்றுக்கு அது தாவப் பல லட்சம் ஆண்டுகள் ஆகும் என்பது அவள் ஆய்வேட்டின் முடிவு. மாசியில் வாய்மொழித் தேர்வு.

ஈ வளர்த்த கண்ணாடி பாட்டிலை எறிய மனம் வராமல், கழுவி, கீழ்வீட்டில் மாவு அரைத்து விற்கும் தாயம்மாளிடம் இட்லி மாவு வாங்க அவள்தான் எடுத்துப்போனாள். விளிம்பில் ஒட்டியிருந்த பொடி உண்ணி, ஈயைக் கடித்த வாயோடு தெருவில் அகப்பட்டதையெல்லாம் கடித்தது. பாடி பஸ் ஸ்டாப்பில் பஸ் மாறுவதுபோல மரபணு இனம் மாறியது.

சொன்னால் ஏழு வருடமும் போச்சு. லாவண்யா சொல்லவில்லை. ஜன்னலுக்கு வலை அடித்தாள். கொசு பேட் வாங்கிப் பச்சையாகத் தெரிந்ததையெல்லாம் அடித்தாள். விஷாலின் சார்ஜர் விளக்கும் ஒரு அடி வாங்கியது. உண்மையைத் தேடுகிறவள் என்று தன்னை நினைத்திருந்தவளுக்கு, தேடியதெல்லாம் பெயருக்கு முன்னால் ஒரு டாக்டர் என்பது, பேட்டும் கையுமாக நிற்கும்போது புரிந்தது. புரிந்தும் அடித்தாள்.

தேர்வுக்கு முந்தைய மாலை கரண்ட் போனது. குளியலறைக் கண்ணாடியில் இரண்டு பச்சைப் புள்ளிகள். பேட்டை ஓங்கினாள். அவள் கண்கள்தான்.

கீழே ஓடினாள். இருட்டில் தாயம்மாள் நிதானமாக மாவு அள்ளிக்கொண்டிருந்தாள், பச்சைக் கண்களோடு.

"இன்னாமா, உனுக்கு இப்பத்தான் வந்துச்சா? எனுக்குப் பொங்கலுக்கே வந்துட்ச்சு. படிச்ச பொண்ணு, உனுக்குத்தான் மொதல்ல வந்திருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தோம்."

"என்னாலதான்னு தெரியுமாக்கா?"

"உன் பாட்டில் வந்தப்புறந்தான இதெல்லாம். கேட்டா கூச்சப்படுவேன்னு உட்டுட்டோம். மாவு வோணுமா?"

மாவோடு மேலே வந்தாள். ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் 'பல லட்சம் ஆண்டுகள்' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, 'கள்ளிக்குப்பத்தில் ஒரு மார்கழி' என்று எழுதினாள். மெழுகுவர்த்தி தேடவில்லை. எழுத்து நன்றாகவே தெரிந்தது.